கலர் பார்க்காதவர்

எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அதில் ஒரு கீறல் விழவில்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் காட்டி, "இவருதாங்க, கலர் பாக்காம கட்டிக்கினவரு" என்பார். பக்கத்து இலைக்காரர் என்னை மரியாதையோடு பார்ப்பார். பிறகு இரண்டு பேருமாகத் தலையைத் திருப்பி, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் மனைவியைப் பார்த்து, சொன்னது சரிதான் என்று உறுதிசெய்துகொள்வார்கள். நான் அடக்கமாக அப்பளத்தை நொறுக்குவேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கலர் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு டிராயிங் மாஸ்டரைக் கலர் பார்க்காதவர் என்று பாராட்டுவதும், ஒரு சமையல்காரரை உப்பு பார்க்காதவர் என்று பாராட்டுவதும் ஒன்றுதான். ஆனால் பாராட்டு எந்த ரூபத்தில் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிற குணம் எனக்கு உண்டு.

எங்கள் பக்கத்தில் கலர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பெட்டிக்கடையில் கேட்டால் பாட்டிலில் வரும், குடிக்கலாம். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டால் அது தோல். அதிலும் சிவந்த தோலுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். "பொண்ணு நல்ல கலரு" என்றால் வெளுப்பு என்று பொருள். கருப்பு எங்கள் கணக்கில் ஒரு கலரே கிடையாது. கலர் குறைந்துபோன நிலைமை, அவ்வளவுதான்.

இந்த இரண்டு அர்த்தமும் மோதிக்கொண்ட இடத்தில்தான் என் கல்யாணம் நிச்சயமானது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், கரும்புக் கொல்லைகளைத் தாண்டி அவள் வீடு. அப்போதே நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கேசரி, மிக்சர் எல்லாம் கொடுத்துவிட்டு, வெயில் நாள் என்பதால் ஆளுக்கொரு பாட்டில் கலரும் உடைத்துக் கொடுத்தார்கள். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். என் அம்மா என் காதோரம் குனிந்து ரகசியம் சொன்னாள். அம்மாவின் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"கலர் கொஞ்சம் கம்மிதாண்டா. ஆனா களையா இருக்குது."

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா சட்டென்று எழுந்தார். "ஜல்தி போயி இன்னும் ரெண்டு கலர் வாங்கியா" என்று யாரையோ கடைக்கு விரட்டினார். அவர் உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டாரா, இல்லை, நடு வீட்டில் விழுந்த வார்த்தையை மறைக்க அதைத் தவிர வேறு துணி அவருக்குக் கிடைக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற துணிச்சல் எனக்கு வருவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்போது நான் சென்னையில் ஓவியம் படித்து முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. உலகத்தைத் திருத்துகிற வேகம் உடம்பில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, உள் அறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எனக்குக் கலர் முக்கியமில்லைங்க."

"பரவால்லைங்க, வந்தது வந்துருச்சி, ஒரு வாய் குடிங்க" என்று அவர் இரண்டாவது பாட்டிலை என் கையில் திணித்தார். குடித்தேன். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் நல்ல பெயர் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் ஓவியத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் வரைவது முகங்கள். ஆனால் முகத்தைக் கண்ணாடி காட்டுகிற மாதிரி வரைய மாட்டேன். எங்கோ குளிர் தேசங்களில் நூறு வருஷத்துக்கு முன்னால் சில ஓவியர்கள், தோலின் நிறத்தை எதற்குப் போட வேண்டும், ஆளுக்குள்ளே கொதிக்கிறதே அதன் நிறத்தைப் போடலாமே என்று முடிவு செய்தார்கள். கன்னத்தில் பச்சை அடித்தார்கள். நெற்றியில் ரத்தச் சிவப்பு, கண்ணுக்கடியில் ஊதா. அதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர். கல்லூரி நூலகத்தில் அந்தப் படங்களை முதலில் பார்த்த நாள் எனக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி இருந்தது. ஒரு பச்சைக் கன்னத்தில் அத்தனை பயம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் ஆட்கள் பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போனதை, அவர்கள் தூரிகையை எடுத்துச் செய்தே காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நானும் அந்தக் கட்சி.

நாங்கள் குடியிருக்கும் விழுப்புரத்தில் இந்தக் கட்சிக்கு வேறு உறுப்பினர் கிடையாது. ஒருமுறை என் முகத்தையே வரைந்தேன். நெற்றி சிவப்பு, மூக்கு ஆரஞ்சு, கன்னம் இரண்டும் பச்சை, கண் இரண்டும் வெறித்தபடி. கூட்டேரிப்பட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பர் அதைப் பார்த்து மெய்மறந்து, "எனக்குக் குடுங்க சார்" என்று கேட்டார். கேட்ட முதல் மனிதர். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து, பள்ளிக்கூட லீவில், திண்டிவனத்தில் ஒரு விசேஷத்துக்காக நானும் என் மனைவியும் பஸ்ஸில் போனோம். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்த அவள் என் கையைத் தொட்டாள்.

"ஏங்க, நீங்க அங்க தொங்கிக்கினு இருக்கீங்க."

பார்த்தேன். பாதி எழும்பிய வீட்டின் முன்னால், பூசணிக்காய்க்கும் படிகாரத்துக்கும் நடுவில், திருஷ்டிப் படமாக நான் தொங்கிக்கொண்டிருந்தேன். அந்த வழியாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். அந்த வீடு முடியும்வரை காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் என்னை நானே தரிசித்தேன். வீடு ஒரு விக்கினமும் இல்லாமல் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என்னுடைய பரம எதிரி யார் என்றால், எங்கள் கல்யாண ஆல்பம் செய்த ஸ்டூடியோக்காரர். அவருக்கு இந்த விஷயம் தெரியாது. அவர் கைக்குள் போன எந்த முகமும் மைதா மாவு பூசிக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை. எங்கள் ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண் யார் என்று எனக்கே சந்தேகம் வரும். முகம் வெள்ளை, காதுக்குப் பின்னால் அவர் கை எட்டாத ஓர் இடத்தில் மட்டும் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் இதே கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டுவேன். கிரேயான் டப்பாவில் ரோஸும் சந்தனமுமாக ஒரு குச்சி இருக்கும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஸ்கின் கலர். முப்பது கருத்த கைகள் அந்த ஒரு குச்சிக்காக அடித்துக்கொள்ளும். அம்மா, அப்பா, உழவர், போலீஸ் எல்லாருக்கும் அதையே பூசும்.

"யாரு ஸ்கின்னு இது? உன் கையைப் பக்கத்துல வெச்சுப் பாரு" என்று நான் கத்துவேன். பிள்ளைகள் கையை வைத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மறுபடி அதே குச்சியை எடுப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொல்லி, இந்தத் தேசம் உருப்படாது என்று காபி குடிப்பேன். அவள் கேட்டுக்கொள்வாள்.

அவள் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். விழுப்புரத்திலிருந்து தினமும் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பஸ் ஏறிப் போகிறாள். நான் வடக்கே போனால் அவள் தெற்கே. கல்யாணமான புதிதிலிருந்தே என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை ஒரு படம் வரைங்களேன்."

பார்க்கலாம் என்பேன். முகம் எனக்குள் ஊற வேண்டும் என்பேன். இருபத்திரண்டு வருஷம் ஊறியது. ஊறுகாய் கூட அத்தனை நாள் தாங்காது. வேலைக்கு நடுவில், பிள்ளையை வளர்த்து வெளியூருக்குப் படிக்க அனுப்பியதற்கு நடுவில், வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பாள்.

போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு கலை மன்றம் ஓவியக் கண்காட்சி வைத்தது. தலைப்பு, மனித உணர்ச்சிகள். தலைப்பைப் பார்த்ததும் எனக்காகவே வைத்தது போலிருந்தது. அன்று சாயங்காலம் அவளிடம், உன்னை வரையப் போகிறேன் என்றேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"எந்தச் சேலை கட்டிக்கட்டும்? அந்த மாம்பழக் கலரு கட்டட்டுமா?"

மாம்பழ மஞ்சளில் அவளிடம் ஒரு பட்டுச் சேலை இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கி, கருப்புக்கு மாம்பழக் கலர் எடுக்காது என்று எல்லாரும் சொன்னதால் பீரோவிலேயே வைத்துவிட்டாள்.

"சேலை முக்கியமில்லை" என்றேன். எனக்கு எதுவும் முக்கியமில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். சும்மா உட்காரத் தெரியாது. மடியில் முறம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்தபடி உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தில் உணர்ச்சியைத் தேடினேன். பொறுமை தெரிந்தது, பச்சை அடித்தேன். அடக்கிவைத்த கோபம் தெரிந்தது, நெற்றியில் சிவப்பு. தூக்கமில்லாத டூட்டிகள் தெரிந்தன, கண்ணுக்கடியில் ஊதா. உதட்டில் நீலம். எதற்கு என்று இப்போது ஞாபகமில்லை, அங்கே நீலம் கேட்டது. கண்காட்சி வரைக்கும் படத்தைக் காட்ட மாட்டேன் என்று துணியைப் போட்டு மூடிவைத்தேன். அவளும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் சுகாதார நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கண்காட்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் சுவர்களில் படங்கள் வரிசையாகத் தொங்கின. முந்தின நாள் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை. என் படத்துக்குக் கீழே 'என் மனைவி' என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தேன். அவள் வெளிர் ஊதாச் சேலையில் வந்தாள். கருப்புக்கு எடுக்கும் என்று கடைக்காரர்கள் தள்ளிவிடுகிற ரகம். கூடவே அவளோடு வேலை செய்கிற இரண்டு பேர், ஒரு மூத்த நர்ஸும் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஓர் இளம்பெண்ணும், டூட்டி முடித்து நேராக பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மூத்தவர் கையில் ஒரு முழம் மல்லி இருந்தது. படத்துக்குப் போடவா, இவளுக்கு வைக்கவா என்று தெரியாமல் வைத்திருந்தார்.

"சிஸ்டர் படம் எங்கங்க சார்?" என்று என்னைக் கேட்டார். அவர் அதற்கு நேர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இதுதாங்க" என்றேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷ டூட்டியில் முகத்தில் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று மட்டும் படித்தவர். நெற்றியிலிருந்து மோவாய்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒடம்புக்கு முடியாம இருந்தப்ப வரைஞ்சீங்களா சார்?" என்றார். குரலில் கேலி இல்லை. "ஒதடு நீலமா இருக்குது பாருங்க. இந்த மாதிரி கேஸ் வந்தா நாங்க ஒடனே ஆக்சிஜன் வெப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பேசினாள். அவளும் அப்போதுதான் முதல்முறையாகப் படத்தைப் பார்க்கிறாள்.

"அது அப்படி இல்லக்கா. மனசுக்குள்ள இருக்கறத வெளிய கொண்டாந்து காட்டறது. பெரிய பெரிய நாட்டுலல்லாம் இப்படித்தான் வரையறாங்க. இவரு அதுல ஸ்பெஷலிஸ்ட்டு."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். என்னிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. மூத்தவர், "அப்படியா, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி மல்லியை அவள் தலையிலேயே வைத்துவிட்டார். இளம்பெண் போனை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் சிஸ்டரை நிற்கவைத்துப் போட்டோ பிடித்தாள். அந்தப் போனுக்கும் எங்கள் ஸ்டூடியோக்காரரின் குணம்.

"சிஸ்டர், நல்ல கலரா வந்திருக்கீங்க" என்று காட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். போனில் மைதா மாவில் ஒரு முகம், பக்கத்தில் பச்சையில் ஒரு முகம். இரண்டும் என் மனைவி என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கதை அதோடு முடிந்திருந்தாலும் போகட்டும். எனக்கு முதல் பரிசு கிடைத்தது. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மேடையில், "பெண்ணின் முகத்தையே பசுமையாகக் காட்டியிருக்கிறார். இயற்கையைத் தாயாகப் பார்க்கிறார். இன்று நமக்குத் தேவை இந்த மரம் வளர்ப்பு விழிப்புணர்வுதான்" என்று பேசினார். பொன்னாடை போட்டு, கேடயம் கொடுத்து, கூடவே ஒரு புங்கங்கன்றும் கொடுத்தார்கள். கைதட்டலில் நான் மறுக்கவில்லை. பாராட்டு எந்த ரூபத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் அவள் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை, டிபன் பாக்ஸில் சோறு அடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. பச்சை எதுக்கு?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பச்சை அவளுடைய பொறுமை, சிவப்பு அவள் வெளியே காட்டாத கோபம் என்று அகத்தின் அழகிலிருந்து தொடங்கினேன். முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சரிங்க. நான் கருப்புதானே?"

"யாரு சொன்னது? நீ மாநிறம்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. இருமல் வருவது போல அது வாயில் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். டிபன் பாக்ஸை மூடி, ரப்பர் பேண்ட் போட்டாள்.

"கலர் பாக்காதவரு, கலர் பாக்காதவருன்னு இத்தினி வருஷமா பேரு வாங்கிக்கினீங்க. நானும் அது ஏதோ பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். நெசமாவே நீங்க பாக்கவே இல்லீங்க."

டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"எங்க டூட்டில கருப்புத் தோலுன்னு பாக்காம விட்டா கேஸ் போயிரும். கண்ணை இழுத்துப் பாக்கணும், நகத்தை அழுத்திப் பாக்கணும். வெளுத்துப்போச்சின்னா எங்களுக்கு பயம். பாக்காம இருக்கறது நல்ல குணம்னு எங்க ஆளுங்க யாரும் சொல்ல மாட்டாங்க. கல்யாண ஆல்பத்துல என்னை வெள்ளையாக்கிட்டாங்க. ஆதார்ல பாத்தா ஒரே இருட்டு, பல்லு மட்டும் தெரியுது. சரி, ஊட்லயே ஒருத்தரு வரையறவரு இருக்காரே, என்னிக்காவது நான் இருக்கற மாதிரி என்னை ஒருத்தரு போடுவாருன்னு இருந்தேன். நீங்க பச்சை போட்டீங்க. ஊதா போட்டீங்க. நீலம் கூடப் போட்டீங்க. என் கலரு மட்டும் உங்க கைக்கு வரல."

கோபமாகச் சொல்லவில்லை. நோயாளிக்கு மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்கிற குரல்தான். "பஸ்ஸு போயிரும்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கலை தெரியாதவர்கள் என்று உலகத்தைத் திட்டினேன். வீட்டில் யாரும் இல்லாததால் புங்கங்கன்றைப் பார்த்துத் திட்டினேன். கருப்பே அழகு, காந்தலே ருசி என்று எத்தனை தடவை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று வாதாடினேன். அடிப்பிடித்த சோற்றைத் தள்ளிவிடாமல் சாப்பிடவைப்பதற்காகச் சொல்கிற பழமொழி அது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பரண் மேலிருந்த என் பழைய படங்களையெல்லாம் இறக்கினேன். இருபத்திரண்டு வருஷத்து முகங்கள் கூடம் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றன. பால்காரர், பஸ் கண்டக்டர், மரக்காணத்துக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், என் அம்மா, திருஷ்டி வேலை முடிந்து திரும்பி வந்திருந்த நான். வெயிலில் வெந்து கருத்த ஆட்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று திருவிழாப் பலூன் கட்டு மாதிரி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்திலாவது அவர் தோல் இல்லை.

பெயிண்ட் பெட்டியைக் கவிழ்த்தேன். பர்ன்ட் அம்பர் என்று ஒரு டியூப், சுட்ட மண்ணின் நிறம். கல்லூரி முடித்த வருஷம் வாங்கியது. மூடி திறக்கவில்லை. இடுக்கியால் திருகினேன், கழுத்தோடு முறிந்தது. உள்ளே மொத்தமும் கல். அதே பெட்டியில் வெள்ளை டியூப்கள் ஐந்தாறு கிடந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் கடைசிச் சொட்டுவரை சுருட்டிப் பிழியப்பட்டிருந்தன.

குளிர் தேசத்து ஓவியர்கள் வெளுத்த கன்னத்தின் மேல் பச்சை அடித்தார்கள். அவர்கள் ஊரில் அது கலகம். நான் கருத்த கன்னத்தின் மேல் பச்சை அடித்தேன். எங்கள் ஊரில் அது சௌகரியம். ஸ்டூடியோக்காரர் மாவு பூசினார், நான் கீரை பூசினேன். அவர் தன்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அந்த மட்டுக்கும் அவர் யோக்கியர். பிள்ளைகளைக் கையை வைத்துப் பார்க்கச் சொன்ன எனக்கு, என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாக இருந்தும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சாதாரணமாகத்தான் இருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம், "நாளைக்கு உட்கார முடியுமா?" என்று கேட்டேன். அவள் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பரிசு வந்துருச்சே, இன்னும் எதுக்கு?"

"எந்தச் சேலை கட்டப் போறே?" என்று கேட்டேன்.

மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாம்பழக் கலரில் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை மடியில் முறம் இல்லை. கிழக்கு ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்தது. அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் அவள் நிறம் அப்படி எழுந்து நின்றது. எடுக்காது என்று சொன்ன அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி அந்தச் சேலையாலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. அழகாக இருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இதை நான் வேறு எதையும் சேர்க்காமல் சொன்னதில்லை; கருப்பா இருந்தாலும் என்று ஒரு வால் எப்போதும் இருந்திருக்கிறது. அன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தகுதி வரட்டும் என்று தூரிகையை எடுத்தேன்.

மண் நிற டியூப்தான் கல்லாகிவிட்டதே, அதனால் கலந்துதான் எடுக்க வேண்டும். நிறம் குழைக்கும் பலகையில் சிவப்பைப் பிதுக்கினேன். பக்கத்தில் பச்சை. முதல் படத்தில் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் தனித்தனியாக அடித்த அதே சிவப்பு, அதே பச்சை. கத்தியால் இரண்டையும் குழைத்தேன். மெல்ல மெல்லப் பழுப்பு வந்தது. துளி நீலம் சேர்த்தேன், ஆழம் வந்தது. அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கலப்பது மட்டும்தான்.

கலந்து முடித்து, மினுமினுப்பாக ஒரு நிறம் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வந்து பாரு" என்றேன்.

எழுந்து வந்தாள். பலகையைப் பார்த்தாள். வளையலை முழங்கை வரைக்கும் தள்ளிவிட்டு, முன்கையைப் பலகையின் ஓரத்தில், நான் குழைத்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பசங்களை வெச்சுப் பாக்கச் சொல்லுவீங்களே" என்றாள்.

பார்த்தேன். பலகையில் இருந்தது வறுத்த மல்லாட்டைத் தோல். பக்கத்தில் இருந்தது கேப்பைக் களி. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. பிறகு என் இடது கையைப் பார்த்தேன். அதில் வெள்ளை டியூப் இருந்தது, மூடி திறந்தபடி. எப்போது எடுத்தேன், எப்போது பிதுக்கினேன், எனக்குத் தெரியாது.

அவள் அதை என் விரல்களிலிருந்து உருவி, மூடியைத் திருகி, ஜன்னல் திண்டில் வைத்தாள். கையைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கருப்பு போடுங்க."

போட்டேன். குழைத்தேன். அவள் கைக்கும் பலகைக்கும் நடுவே குனிந்து பார்த்து, சரியாக வந்துவிட்டது என்று நிமிர்ந்தேன்.

"இன்னும்" என்றாள்.